முதலில் எலும்பு, பிறகு கேள்வி

சர்க்கரை போடாத டீயே போதும், இன்ஸ்பெக்டர் சார். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்தோரு வருஷமாக எலும்பைப் பார்த்து ஆளைச் சொல்வது என் வேலை. தொடையெலும்பை அளந்தால் உயரம் தெரியும். இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். பெயரை மட்டும் வீட்டு ஆட்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. எலும்பைப் பார்த்துவிட்டுத்தான் கேள்வியே கேட்பேன்.

கல்குவாரியில் கிடைத்த எலும்புக்கூட்டில் தோள்பட்டைப் பக்கம் ஓர் எலும்பு சின்ன வயதில் உடைந்து கூடியிருந்தது. காணாமல்போன மகனுக்காக நாலு வருஷமாக வாரம் தவறாமல் எங்கள் ஆய்வகப் பெஞ்சில் வந்து உட்காரும் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

"சின்ன வயசுல பையன் விழுந்து தோள்ல அடிபட்டுச்சாம்மா?"

"ஆமாங்கய்யா, மாடிப்படியில உருண்டான்."

விழாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? அவன் இறந்துவிட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இனிமே தூங்குவேன்யா" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவன் வந்து நின்றான். வீட்டில் கோபித்துக்கொண்டு கப்பல் வேலைக்குப் போனவனாம். அடையாள அட்டை வாங்கப் போன இடத்தில், நீ செத்துவிட்டாய் என்றார்களாம். கலகலப்பான பையன்.

"குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், இப்படி எழுதிட்டீங்களே சார். அம்மா முன்னாடி திடீர்னு போய் நின்னா பயந்துருவாங்க. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

எட்டு மாதமாகத்தான் அந்த அம்மா தூங்குகிறார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவனை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை நிறையக் கேட்டான். மருந்தின் கசப்புத் தெரியவில்லை. எலும்பைச் சுத்தம் செய்கிற தொட்டி பின்னறையிலேயே இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த டாக்டரம்மா பழைய எலும்புப் பெட்டிகளைத் திறந்து பார்க்கும்வரை ஒரு வம்பும் இல்லை. அவன் கணுக்காலில் ஆபரேஷன் செய்து வைத்திருந்த ஸ்டீல் தகட்டின் நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். அதைக் கழற்றாமல் விட்டது நான்தான். சான்றைக் கலைப்பது எங்கள் தொழிலில் பெரிய தப்பு.

"ஒரே ஆளுக்கு ரெண்டு எலும்புக்கூடு எப்படி சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

பெயர் கெட்டுவிடும் என்று பயந்து செய்ததாக எழுதிவிடாதீர்கள். அந்த அம்மாவுக்காகச் செய்தேன். முப்பத்தோரு வருஷத்தில் என் அறிக்கை ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அவன் இறந்துவிட்டான் என்று எழுதியதும், அன்று மத்தியானம் மூன்று மணியிலிருந்து, சரிதான்.