இடுப்பளவு

டிரைவர்: மார்ச் மூணாம் தேதி டிப்போ எடை மிஷின்ல எண்பத்தொன்பது. இன்னிக்கு, ஜூன் எட்டாம் தேதி, அதே மிஷின்ல தொண்ணூத்தி நாலு.

டெய்லரம்மா: ஷூவோட ஏறினீங்களா?

டிரைவர்: ரெண்டு தடவையும் ஷூவோடதான்.

டெய்லரம்மா: அப்போ அஞ்சு கிலோ கூடியிருக்கு.

டிரைவர்: அதெப்படி? இந்தா, பேண்டைப் பாரு... நாலு விரல் உள்ள போகுது. மிஷின் கெட்டுப்போச்சு.

டெய்லரம்மா: தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க.

டிரைவர்: கட்டின புருஷன் இளைச்சு வந்து நிக்கிறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா ஊசி முறிஞ்சிடுமா?

டெய்லரம்மா: நாளைக்கு ரத்தப் பரிசோதனை இருக்குல்ல, டாக்டர் சொல்லட்டும்.

டிரைவர்: அதுக்குத்தான் வந்தேன். ஆஸ்பத்திரி எல்லாம் வேணாம்னு நீயே சொல்லிடு. தொப்பை கரைஞ்சாச்சு. இன்னும் எதுக்கு ரத்தத்தைக் குடுத்துக்கிட்டு...

டெய்லரம்மா: நான் ஏன் சொல்லணும்? தொப்பை கரைஞ்சா ரத்தத்துல இருக்குறதும் கரைஞ்சிடுச்சுன்னு அர்த்தமா? போன தடவை டாக்டர் என்ன சொன்னாரு?

டிரைவர்: நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்புன்னு என்னமோ சொன்னாரு. எனக்கு எந்தக் கொழுப்பு?

டெய்லரம்மா: வாய்க்கொழுப்பு. அதுக்கு அவர்கிட்ட மாத்திரை இல்லையாம்.

டிரைவர்: ஏய்...

டெய்லரம்மா: ரத்தத்துல கெட்டது ஜாஸ்தி. அதைக் கூட்டி அள்ளி வெளிய தள்ளுற நல்லது கம்மி. இதுதான் சொன்னாரு.

டிரைவர்: நல்லதும் கொழுப்பு, கெட்டதும் கொழுப்பு. போலீசும் திருடனும் ஒரே சட்டை போட்டா நான் யாரைப் பிடிக்கிறது?

டெய்லரம்மா: கெட்டது ரத்தக்குழாய்ச் சுவத்துல போய் ஒட்டிக்குமாம். வலிக்காதாம், வெளிய தெரியாதாம். ஒருநாள் அடைச்சுதுன்னா இதயத்துக்கு ரத்தம் போகாது. படம் போட்டுக் காட்டினாரே!

டிரைவர்: நான் ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். சரி, எங்க கண்டக்டருக்கு என்ன சொல்ற? கம்புக்குச் சட்டை மாட்டின மாதிரி இருக்கான். அவனுக்கு என்னைவிட ஜாஸ்தியாம். அப்போ தொப்பைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

டெய்லரம்மா: ஒல்லியா இருந்தாலும் வரும். சிலருக்குப் பரம்பரையா வருமாம். தொப்பை இருந்தா சும்மா இருக்காது... கெட்டதை ஏத்தும், நல்லதை இறக்கும், பிரஷரைக் கூட்டும், சர்க்கரையையும் கூப்பிட்டு உக்கார வைக்கும். எல்லாமாச் சேர்ந்து இதயத்தை...

டிரைவர்: கூட்டணியா?

டெய்லரம்மா: சிரிங்க, சிரிங்க.

டிரைவர்: சிரிக்காம? எனக்குத்தான் தொப்பையே போயிடுச்சே.

டெய்லரம்மா: பெல்ட்டைக் காட்டுங்க.

டிரைவர்: பெல்ட்டை எதுக்கு...

டெய்லரம்மா: காட்டுங்கன்னா. கடைசி ஓட்டை! போன மாசம் இதுக்கு முந்தின ஓட்டையிலதானே மாட்டினீங்க?

டிரைவர்: தோல் சுருங்கிடுச்சு. வேர்வைக்கு.

டெய்லரம்மா: பேண்ட் லூசு, பெல்ட் டைட்டு.

டிரைவர்: அதான் எனக்கும் மண்டை காயுது! மிஷின் ஏறிட்டேங்குது. பெல்ட்டும் ஏறிட்டேங்குது. பேண்ட் மட்டும் இறங்கிட்டேங்குது. நான் பேண்டை நம்புறேன்.

டெய்லரம்மா: நம்பாதீங்க.

டிரைவர்: ஏன்? நீ தைச்சதுதானே?

டெய்லரம்மா: அதனாலதான் சொல்றேன்.

டிரைவர்: புரியல.

டெய்லரம்மா: பின்தையலைப் பிரிச்சு விட்டேன். உள்ள மடிச்சு விட்டிருந்த துணி மொத்தத்தையும். ரெண்டு பேண்டுலயும்.

டிரைவர்: எப்போ?

டெய்லரம்மா: நீங்க நடக்க ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம். 'ஒண்ணும் குறையல, இனிமே என்னால ஆகாது'ன்னு சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டீங்களே... கொஞ்சம் தெம்பு வரட்டுமேன்னு செஞ்சேன். மறுநாள் கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சீங்க பாருங்க, அப்புறம் எந்த வாயால சொல்றது?

டிரைவர்: அப்போ நான்... இளைக்கல?

டெய்லரம்மா: துணிதான் பெருத்துச்சு.

டிரைவர்: டிப்போ பூராவும் தம்பட்டம் அடிச்சிட்டேனே! கண்டக்டருக்குப் புத்திமதி வேற சொன்னேன்.

டெய்லரம்மா: போகட்டும். எடை குறையலன்னாலும் நடக்கிறது இதயத்துக்கு நல்லதாம், டாக்டர் சொல்லியிருக்காரு. நடந்தது வீண் போகாது. மாத்திரையும் தினம்... ஏன் தரையைப் பார்க்குறீங்க?

டிரைவர்: ஒண்ணுமில்ல.

டெய்லரம்மா: சாயங்காலம் நடக்கத்தானே போறீங்க?

டிரைவர்: பார்க் வரைக்கும் போறேன்.

டெய்லரம்மா: போய்?

டிரைவர்: அங்க பெஞ்சு இருக்கு.

டெய்லரம்மா: அடப்பாவி மனுஷா... எப்போலேர்ந்து?

டிரைவர்: பேண்ட் லூசானதுலேர்ந்து. அதான் இளைச்சாச்சே, இன்னும் எதுக்குன்னு...

டெய்லரம்மா: மாத்திரை? டப்பா காலியாகிக்கிட்டுத்தானே இருக்கு?

டிரைவர்: காலி பண்றேன். முழுங்கறதில்ல.

டெய்லரம்மா: நான் பிரிச்ச தையலை நம்பியா மாத்திரையை நிறுத்தினீங்க? ஐயோ... என் கையை உடைக்கணும். தெம்பு குடுக்குறேன்னு நானே...

டிரைவர்: நீ என்ன பண்ணுவ. நான்தான் உன்கிட்ட சொல்லாம...

டெய்லரம்மா: இருங்க. இன்னிக்கு உங்களுக்குச் சாயங்காலம் வரைக்கும் டியூட்டி இருக்கே. மத்தியானமே எப்படி வந்தீங்க? வேலை நேரத்துல மிஷின்ல ஏன் ஏறினீங்க?

டிரைவர்: நானா ஏறல... முதலுதவி ரூம்ல நர்ஸம்மா ஏத்தினாங்க. பஸ் படியில கால் வச்சதும் நெஞ்சை அழுத்துச்சு, இடது கை கனத்துப் போச்சு. என் வண்டியை வேற டிரைவர் எடுத்துட்டுப் போயிட்டாரு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. நீ வேணாம்னு சொல்லிட்டா போகாம இருந்துடலாம்னு உள்ள வந்தேன். கண்டக்டர் காரோட வாசல்ல நிக்கிறான்.