நெஞ்சில் ஏறும் கிழவி

— டீ அப்புறம் குடிக்கலாம் அத்தே. உங்க மகன் மேல ஏவி விட்டீங்களே ஒரு கிழவியை, அவளை மொதல்ல திருப்பிக் கூப்பிடுங்க.

— எந்தக் கிழவி? ராத்திரி பூரா மீன் ஃபேக்டரியில நின்னுட்டு வந்திருக்கே டல்சி. போய்ப் படு கண்ணு.

— எங்க படுக்கிறது! நான் வேலைக்குப் போனாதான் அவருக்கு இப்படி ஆகுது. பாதித் தூக்கத்துல முழிப்பு வருதாம். கை கால் அசையலையாம். இருட்டுல யாரோ குனிஞ்சு நெஞ்சை அமுக்குறாங்களாம். கத்தினா சத்தமே வரலையாம்.

— கார்லண்டே உன்கிட்ட சொன்னானா?

— பின்னே? என்கிட்ட சொல்லாம, தம்பி லெஸ்டர் கடலோட போனதுலருந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசாத உங்ககிட்டயா சொல்வார்?

— டாக்டர்கிட்ட காட்டுனியா?

— காட்டினேன். அந்த மனுஷன் சிரிக்கிறார். கெட்ட கனவை நைட்மேர்னு சொல்றோமே, அந்த 'மேர்' நாம நினைக்கிற பொட்டைக் குதிரையே இல்லையாம். தூங்குறவன் நெஞ்சு மேல ஏறி உட்கார்ற பேய்ப் பொம்பளைக்கு அந்தக் காலத்து இங்கிலீஷ்ல அதுதான் பேராம்.

— அட, நம்ம கிழவியேதான்! நம்ம ஆளுங்க இங்கிலாந்துலருந்து இந்த நியூஃபவுண்ட்லாந்துக்குக் கப்பல் ஏறினப்போ கூடவே தொத்திக்கிட்டு வந்துட்டா. டிக்கெட்டா எடுத்திருக்கப் போறா!

— விளையாடாதீங்க அத்தே. வன்மம் வச்சிருக்கிறவங்க அனுப்பாம அவ வரமாட்டான்னு இந்த ஊரே சொல்லுது. மூடுபனியில தம்பியைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போய், தனியா திரும்பி வந்தாரே, அதை நீங்க மன்னிக்கவே இல்ல.

— வன்மமா? பெத்தவளுக்கா? அவன் மூஞ்சியைப் பார்த்தா சின்னவன் ஞாபகம்தான் வருதுடி. பேச்சு வரமாட்டேங்குது, அவ்ளோதான்.

— அதெல்லாம் எனக்குத் தெரியாது. கொட்டகையில பலகை நிறைய ஆணி அடிச்சிட்டு இருக்கார். இன்னிக்கு ராத்திரி ஆணி முனை மேல பார்த்த மாதிரி நெஞ்சுல கட்டிட்டுப் படுக்கப் போறார். வர்றவ கிழிஞ்சு போகட்டும். அதுக்கும் அடங்கலைன்னா டொரான்டோ கிளம்பிடுவோம். அப்புறம் இந்த வாசலை மிதிக்க மாட்டோம்.

— ஐயோ, போயிடாதீங்க! அந்தப் பலகையும் வேணாம்னு சொல்லு!

— பார்த்தீங்களா! அனுப்பினது நீங்கதான்!

— யாரையும் அனுப்பல டல்சி. ஒருத்தனைக் கடல் எடுத்துக்கிச்சு. மிச்சம் இருக்கிறவனாவது மூச்சு விடுறானான்னு, பக்கத்துல ஆள் இல்லாதப்போ போய் அவன் நெஞ்சுல கை வச்சுப் பார்க்கிறது நான்தாம்மா.