ஈய முத்திரையிட்ட ஃபியட்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர் சார். கிளப்பில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நான் தாம்பரத்தில் பௌதிக ஆசிரியர். வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் வட்டாரக் கார் ராலியில் வண்டிகளைச் சோதித்து, எது எந்த வகுப்பில் ஓடலாம் என்று சொல்பவன்.

வகுப்பு இரண்டுதான். கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடுவது ஸ்டாண்டர்டு வகுப்பு. இஞ்சினில் கை வைத்த வண்டிகளுக்கு வேறு வகுப்பு. கை வைத்துவிட்டு ஸ்டாண்டர்டில் ஓடக்கூடாது. இதில் புரியாதது எதுவும் இல்லை.

பூவராகனுக்கும் நன்றாகப் புரிந்திருந்தது. கோவளத்தில் மீன் லாரிகள் வைத்திருந்தவர். கறுப்பு ஃபியட் ஓட்டுவார். எழுபத்திரண்டிலும் எழுபத்து மூன்றிலும் ஸ்டாண்டர்டு கோப்பை அவருக்கே போயிற்று. ஜெயித்த வண்டியின் இஞ்சினைப் பிரித்து அளப்பது என் பொறுப்பு. இரண்டு முறையும் வேகம் கூட்டுவதற்காகச் சிலிண்டர் ஹெட்டை இழைத்து மெலிதாக்கியிருந்தார். எழுதிக் கொடுத்தேன். கிளப் செயலாளர் தோத்தாத்ரி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"விடுங்க சத்தியநாதன். அவர் வந்தாத்தான் கூட்டமே வருது."

மூன்றாம் முறையும் ஜெயித்தால் கோப்பை நிரந்தரமாக அவருடையதாகிவிடும்.

இந்த வருஷம் சோதனையின்போது நான் அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல வந்திருந்தவர் அவருடைய தங்கை கணவர் தயாளன்.

"பாத்தியா மச்சான், வாத்தியாரு நம்ம வண்டிக்கு ஜாதகம் பாத்துகினு கீறாரு. ஓட்டத்தான் தெரியாது, படுக்கவாவது தெரியுதே," என்றார் பூவராகன்.

"சும்மா இரு மச்சான். சார் காதுல வுழப்போவுது."

தயாளன் நல்ல மனிதர். எனக்குக் கோபம் வரவில்லை. கையில் ஸ்பானர் இருந்தது.

ஸ்டியரிங்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பியை ஒரு நட்டு பிடித்திருக்கும். அது கழலாமல் ஒரு முள் குத்தியிருக்கும். வழியில் பாகங்களை மாற்றாமலிருக்க அங்கே கம்பி கோத்து, ஈயத்தில் கிளப் சீல் வைப்பது வழக்கம். முள்ளை உருவி, நட்டைத் தளர்த்தினேன். முள்ளின் இடத்தைச் சீல் கம்பியால் மறைத்து ஈயத்தை நசுக்கினேன். முத்திரை தெளிவாக விழுந்தது. சீல் உடைந்தால் வண்டி வகுப்பை இழந்துவிடும். ஓட்டுகிறவர்கள் அதைத் தாலியைப் போலக் காப்பாற்றுவார்கள்.

ராலி அன்று, வழியில் நான் நின்றிருந்த வண்டலூர்ச் சோதனைச் சாவடிக்கு அவர்கள்தான் முதலில் வந்தார்கள். பூவராகன் இறங்கி முன்சக்கரத்தை உதைத்துப் பார்த்தார்.

"சார், ஸ்டியரிங் லொடலொடங்குது."

"சீலை உடைச்சுப் பாக்கலாம். வகுப்பு போயிடும், அவ்வளவுதான்."

"அவ்ளோதானா. இதுக்குத்தானே நீ காத்துகினு இருந்தே."

தயாளன் முகம் வெளுத்திருந்தது. "உடைச்சிடலாம் மச்சான். கொழந்தைக்கு இன்னும் பேரே வெக்கல." பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். போலாமா?"

குனிந்து பார்த்தேன். "சீல் சரியா இருக்கு," என்றேன். அது உண்மை.

உயிரைவிடக் கோப்பை பெரிது என்று நான் தீர்மானிக்கவில்லை, பூவராகன்தான் தீர்மானித்தார். தயாளனை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி.

கீழ்க்கட்டளைக் கல்குவாரி ஓரத்தில் பாதை வளைகிறது. கார் வளையவில்லை.

நான் ஜீப்பில் போய்ப் பள்ளத்தில் இறங்கினேன். ஸ்டியரிங் தண்டு பூவராகனின் மார்பைத் துளைத்து இருக்கையில் குத்தி நின்றது. தயாளனின் கீழ்த்தாடை பிய்ந்திருந்தது, உயிர் இருந்தது. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, முன்சக்கரத்தருகே மண்டியிட்டு அறுந்த சீல் கம்பியையும் ஈயத்தையும் தேடி எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் கிளப் கொட்டகையில் இஞ்சினைப் பிரித்தேன். ஓட்டத்தை முடிக்காத வண்டியை அளக்கத் தேவையில்லை. என் திருப்திக்காக அளந்தேன். ஹெட் புதியது. கம்பெனி அளவு, மயிரிழைகூடக் குறையவில்லை.

தோத்தாத்ரியிடம் கேட்டேன். "ஆமா சார். மூணாவது கப்பைப் பத்தி எவனும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு அவரே மாத்தினாரு," என்று அழுதார்.

இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பூவராகன் விதிப்படி ஓட்டினார். நான் அவ்வளவு கண்டிப்பாக இருந்ததால்தானே அவர் திருந்தினார்.