கதவு மேல் போட்ட சட்டை

— முதல்ல வாயைத் திற. இந்த இனிப்பைப் போட்டுக்கோ. அப்புறம் பேசலாம்.

— என்னக்கா இது, ஆபீஸுக்கே வந்து நிக்கிற? மாமா தலைமறைவா இருக்குற நேரத்துல இனிப்பு வேறயா?

— மெதுவா பேசுடா. வெளிய கேக்கப் போகுது.

— ரேடியோ பதிவு ரூம் இது. கதவைச் சாத்திட்டா கத்தினாலும் கேக்காது. சொல்லு.

— உங்க மாமா இன்னைக்கு வீட்டுக்கு வந்துடுவார்!

— எப்படி? குடிதண்ணியில சாயக்கழிவு கலக்குதுன்னு ஊரைக் கூட்டிச் சொன்ன இன்ஜினியர். போலீஸ் சல்லடை போட்டுத் தேடுது.

— தலைவர் மன்னிச்சுட்டாராம்! நான் உங்க நிகழ்ச்சிக்குப் போன் போட்டேன்.

— எந்த நிகழ்ச்சி?

— தெரியாத மாதிரி கேக்குறான் பாரேன். ‘தலைவர் கேட்கிறார்’தான். நீ வேலை பாக்குற நிகழ்ச்சிதானே?

— யார் எடுத்தா? என்ன சொன்ன?

— ஒரு பொண்ணு. என்னமா பேசுறாங்குற! ‘அழாதீங்கம்மா’ன்னு சொல்லிட்டு அவளும் சேந்து அழுதா.

— என்ன சொன்னேன்னு கேட்டேன்.

— ஏன்டா மூஞ்சி இப்படிப் போகுது? அவர் ஒளிஞ்சிருக்குற இடத்தைச் சொன்னேன். வண்டி அனுப்பி, மரியாதையா கூட்டிட்டு வந்து விடுவாங்களாம்.

— ஐயோ அக்கா! குடியைக் கெடுத்தியே!

— ஏய், என்னடா உளறுற?

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

— எங்க கேக்க விட்ட? மாமா பேச்சை எடுத்தாலே, ‘எனக்கு எதுவும் தெரிய வேணாம், வேலை போயிடும்’னு காதைப் பொத்திக்கிட்டது யாரு?

— அதுக்காக? முன்பின் தெரியாதவங்ககிட்டப் போய்...

— போன வாரம் அந்த டெய்லரம்மா பேசலையா? அவ புருஷனும் ஓடி ஒளிஞ்சவன்தான். இடத்தைச் சொன்னா, பத்திரமா கொண்டுவந்து விட்டாங்க. அவ அழுத அழுகை இன்னும் என் காதுலயே நிக்குது.

— அவ டெய்லர் இல்லக்கா.

— பின்ன?

— நாடக நடிகை. அந்தக் கதை நான் எழுதினது. புருஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல.

— சும்மா இரு. கரண்ட் இல்ல, ரோடெல்லாம் பள்ளம்னு ஜனங்க தலைவரையே அதுல வறுத்தெடுக்குறாங்க. பொய் நிகழ்ச்சின்னா திட்ட விடுவாங்களா?

— திட்ட விட்டாத்தானேக்கா மத்ததை நம்புவீங்க? அந்தத் திட்டையும் நான்தான் எழுதுறேன்.

— இல்லடா, எனக்கு மனசு ஒப்பலை. அவ புருஷன் வீட்டுக்குள்ள வந்ததும் சட்டையைக் கழட்டிக் கதவு மேல போட்டானாம். தினம் அதுக்குத் திட்டுவாளாம், அன்னைக்குத் திட்டலையாம். அதைக் கேட்டுத்தான் நான் உடைஞ்சே போனேன். அதெல்லாம் கற்பனையில வருமா?

— வராது. அது மாமா பண்றது. உன் வீட்டுல பாத்து எழுதினேன்.

— என்னடா சொல்ற?

— ரோடு, கரண்டுன்னு எழுதினப்போ யாருக்கு என்ன நஷ்டம்னு இருந்துட்டேன். டைரக்டர் மன்னிப்புக் கதை ஒண்ணு எழுதச் சொன்னப்போ, இது எதுக்குன்னு அவர்கிட்ட கேட்டேன். ‘நாம தேடிப் போனா ஊரே சேந்து மறைக்குது, நம்ப வச்சா பொண்டாட்டியே சொல்லிடுவா’ன்னார். தெரிஞ்சுதான்கா எழுதினேன்.

— படுபாவி! ஊரான் வீட்டுக் கதவு கிடைக்கலையா உனக்கு?

— அப்புறமா செருப்பால அடி, வாங்கிக்கிறேன். மாமாகிட்ட போன் இருக்கா?

— அதை வச்சுப் பிடிச்சிடுவாங்கன்னு அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டார்.

— வண்டி எப்ப வருமாம்?

— மத்தியானத்துக்குள்ள.

— சரி, இன்னும் நேரம் இருக்கு. நல்லா கேட்டுக்கோ. வந்தா மாமாவை மட்டும் பிடிக்க மாட்டாங்க. இடம் கொடுத்தவங்களையும் குடும்பத்தோட அள்ளிட்டுப் போவாங்க. யாரு அது? உடனே போன் போட்டு, மாமாவைப் பின்வழியா அனுப்பிட்டு அவங்களையும் கிளம்பச் சொல்லு.

— ஐயோ, அவங்களையும் நானே காட்டிக் கொடுத்துட்டேனேடா...

— அழாத. எங்க இருக்கார், அதைச் சொல்லு!

— ‘ரேடியோக்காரன் வீட்டை எவன் வந்து சோதனை போடப் போறான், அவருக்கு மட்டும் தெரிய வேணாம் அண்ணி’ன்னு உன் பொண்டாட்டிதான்டா உங்க மாடி ரூமைத் திறந்து விட்டா.