கோயில் ஏசியும் குருத்தோலைச் சண்டையும்

நம்ம பெங்களூர் லிங்கராஜபுரத்துல முன்னெல்லாம் ஃபேன் போட்டாலே ஜலதோஷம் பிடிக்கும், ஃபாதர். இப்போ மார்ச் வந்தாலே கோயில் பெஞ்சு சுடுது. எரிக் தம்பி அவங்க அப்பா ஞாபகமா ஏசி வாங்கிக் கொடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன்.

நோரா மேலயும் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பொண்ணு. ஈஸ்டர் ராத்திரி தனிப்பாட்டு வழக்கமா நான்தான் பாடுவேன். டிரேவர் என்கிட்ட பாட்டு கத்துக்கிட்ட பையன். கொயர் மாஸ்டர் ஆனதும், "ஆன்ட்டி, இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்க, நோரா பாடட்டும்"னு சொன்னான். அந்த ரெஸ்ட்ங்கிற வார்த்தைதான் எனக்குத் தைச்சிடுச்சு.

நோராவுக்குக் குளிர் ஆகாது. அவ நிக்கிறது ஏசிக்கு நேர் கீழ. என் போன்லயே ரிமோட் இருக்கு, வீட்டு டிவிக்காக என் மக போட்டுக் கொடுத்தது. சும்மா ஏசி பக்கம் காட்டிப் பார்த்தேன், கேட்டுச்சு. பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள வெச்சு பதினெட்டுக்கு இறக்கினேன். சீக்கிரமே அவளுக்குத் தொண்டை கட்டிடுச்சு.

அதோட விட்டிருப்பேன். ஆனா குளிருதுன்னு ஜூலியாக்கா பாவமா சொன்னாங்க. சரின்னு உங்க பிரசங்க நேரத்துல முப்பதுக்கு ஏத்திவிட்டேன். ரெண்டு பக்கத்துக்கும் நியாயமாதான் இருந்தேன், ஃபாதர்.

அப்புறம் கோயிலே ரெண்டாப் பிரிஞ்சது. இடது பக்கம் ஏசியைப் பதினெட்டுல வைக்கணும்ங்கிற கட்சி, விசிறியோட வந்தாங்க. வலது பக்கம் இருபத்தாறுக்குக் கீழ போகக்கூடாதுங்கிற கட்சி, குரங்குக் குல்லாவோட. நீங்க சமாதானம் சொல்லச் சொன்னா, பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கை குடுக்காம கட்டிக்கிட்டு நின்னாங்க. மரியா மகளோட நிச்சயம் நின்னுபோச்சு, மாப்பிள்ளை வீடு பதினெட்டு. குருத்து ஞாயிறுல நீங்க மந்திரிச்சுக் கொடுத்த ஓலையாலயே அடிச்சுக்கிட்டாங்க. ரெமிஜியஸ் அங்கிளுக்குக் கண்ல பட்டுடுச்சு, இன்னும் கட்டுப் பிரிக்கலை.

கோயில் ஏசி ரிமோட் இருக்கிற அலமாரிச் சாவி டிரேவர்கிட்டதான் இருக்கு. அதனால எல்லாரும் அவனைத்தான் சொல்றாங்க. என் வீட்டுக்கு வந்து அழுதான். "சத்தியமா நான் தொடலை ஆன்ட்டி, காரணமே இல்லாம சும்னே என்னைச் சொல்றாங்க." காபி போட்டுக் கொடுத்தேன். உன்னை நம்புறேன்னு சொன்னேன். அது பொய் இல்லையே.

இன்னிக்குக் கூட்டத்துல அவனை கொயரை விட்டு எடுக்கப்போறாங்க. அது போனா நம்ம ஸ்கூல்ல பாட்டு வாத்தியார் வேலையும் போயிடும். இப்பதான் குழந்தை பிறந்திருக்கு, பாவம்.

நேத்து நீங்க, "மௌரீன், கூட்டத்துக்கு முன்னாடி ஆபீசுக்கு வாங்க, போனையும் எடுத்துட்டு வாங்க"ன்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுது. அதான் ஆபீசுக்கு வராம நேரா பாவமன்னிப்புக் கேக்க இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்துட்டேன். இங்க கேட்டதை நீங்க வெளிய சொல்லக்கூடாது. முகத்துலயும் காட்டக்கூடாது. இதை வெச்சு என்னை ஒரு கேள்விகூட கேட்க முடியாது. ஞானோபதேச கிளாஸ்ல பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறதே நான்தான்.

நோராவுக்கு இன்னும் குரல் வரலை. ஈஸ்டருக்கு யாராவது பாடணும் இல்லையா.

மனசு லேசாயிடுச்சு, ஃபாதர். அபராதமா எத்தனை ஜெபம்னு சீக்கிரம் சொல்லுங்க. டிரேவரை எல்லாரும் மன்னிச்சிடணும்னு கூட்டத்துல முதல்ல எழுந்து பேசப்போறது நான்தான்.