பாலாற்றுக்கு அக்கரையில் சம்பந்தம்

வாலாஜாபாத்தில் ஏறும்போதே ஷேர் ஆட்டோ நிரம்பியிருந்தது. எல்லாரும் ஒரகடத்துக்குக் காலை ஷிஃப்ட் போகிறவர்கள். என் எதிரே உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர், பக்கத்திலிருந்த திருநெல்வேலி இளைஞனிடம் சொன்னார்:

“பாலாத்துல தண்ணி வரும்னு தெரிஞ்சிருந்தா, பொண்ண அக்கரைல குடுத்திருக்கவே மாட்டேன் தம்பி.”

“என்னண்ணே சொல்லுதிய? எங்கூர்ல பாலம் எங்க இருக்குன்னு பாத்துட்டுதான் பொண்ணு பாக்கவே போவோம்.”

“இங்க ஆத்துல கிரிக்கெட்டு ஆடிகினு இருந்தாங்கப்பா! மணல்ல எறங்கி நடந்தா சம்மந்தி வூடு. இப்போ ஆறு வளையற வளைவெல்லாம் சுத்திகினு, ரெண்டு பஸ்ஸு மாறணும்.”

“மாறிப் போவ வேண்டியதுதான?”

“கேளு. போன வாரம் பொண்ணு புருசனாண்ட சண்ட போட்டுகினு எங்க வூட்டுக்கு வந்துட்டா. மறுநாளே வெள்ளம். ரெண்டும் கோவத்துல ஃபோன ஆஃப் பண்ணிட்டு, ஆளுக்கொரு கரைல நின்னு மொறைச்சிகினு இருந்துதுங்க.”

“பொறவு?”

“நேத்து ரெண்டுக்கும் ஒரே நேரத்துல மனசு எளகிச்சு. இவ பஸ்ஸு புடிச்சு அங்க போய்ட்டா. அவன் பஸ்ஸு புடிச்சு இங்க வந்துட்டான்.”

ஆட்டோ முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“காலைல பாத்தா, அவன் இந்தக் கரைல, இவ அந்தக் கரைல. ‘நீ ஏன் வந்த’ன்னு கையக் காட்டியே சண்ட.”

“லீவு போட்டுட்டு மருமவனக் கொண்டுபோயி விடுங்கண்ணே.”

“சூப்பர்வைசராண்ட கேட்டேன். ‘பாலாத்துல தண்ணி சார்’னேன். வேற நல்ல பொய்யா சொல்லுன்னுட்டாரு.”