பந்தலைவிட உயரமானவன்

தவசி: …அதுக்குள்ள என்ன புள்ள அவசரம். மேல பாரு. எலைக்குள்ள வெயிலு தண்ணி மாதிரி அசையுது. கொத்துக் கொத்தாத் திராட்ச தொங்குறதப் பாத்தா, ஏதோ கொளத்துக்கு அடியில படுத்துக் கெடக்குற மாதிரி…

பூமாரி: சோறு தின்னு முக்கா மணி நேரமாச்சு மாமா. பெட்டி ஏத்த வேன் வர்ற நேரம். எந்திரி.

தவசி: மெதக்குறேங்கிறேன்… எந்திரிங்கிற.

பூமாரி: மெதக்குற ஆளு எதுக்குப் பல்லக் கடிக்கிற?

தவசி: பல்லு இடுக்குல திராட்ச வெத.

பூமாரி: இது வெதையில்லாத ரகம். ஏழு வருசமா ஒன்னோட குடும்பம் நடத்துறேன். இடுப்பா?

தவசி: லேசாப் பிடிச்சிருக்கு. பெட்டியத் தூக்கித் திரும்புனேன்… உள்ள ஒரு கொடி அத்து விழுந்த மாதிரி இருந்துச்சு.

பூமாரி: காலத் திருப்புனியா, இடுப்ப மட்டும் திருப்புனியா?

தவசி: வாய்க்கா ஈரத்துல எங்கன காலத் திருப்ப? அஞ்சடிப் பந்தலு, ஆறடி ஆளு. குனிஞ்ச மேனிக்கே தூக்கி, குனிஞ்ச மேனிக்கே நடக்குறேன்.

பூமாரி: முட்டிய மடக்கித் தூக்கு, பெட்டிய நெஞ்சோட அணைச்சுக்கன்னு டாக்டரு சொன்னாகள்ல.

தவசி: அவுக பந்தலுக்குள்ள வந்து பாத்தாகளா?

பூமாரி: பலவேசம் மேஸ்திரி வந்து பாப்பாரு. இடுப்பு போச்சுன்னு தெரிஞ்சா மறுநா வேலைக்குக் கூப்பிட மாட்டாரு. நம்ம தெரு மொக்கைச்சாமியண்ணன இன்னும் கூப்பிடல.

தவசி: அதான்… வேன் வர்றதுக்குள்ள எந்திரிச்சு நின்னுரணும். ஆனா பூமாரி, இந்த ஒரு மாசமா வலியே இல்லடி. நீ நெரப்பிக் குடுத்த பெட்டியெல்லாம் பஞ்சு மாதிரி இருந்துச்சு. சரியாப் போச்சுன்னு நெனச்சுத்தான், பஞ்சம்மாக்கா வரிசையில அவுக நெரப்புன ரெண்டு பெட்டிய ஒண்ணா அடுக்கித் தூக்கிட்டேன்.

பூமாரி: ரெண்டயுமா… ஏன் மாமா அப்பிடிச் செஞ்ச?

தவசி: வெரசா முடிச்சா ஒன்னயக் கொஞ்சம் உக்கார வைக்கலாம்னு. ரெண்டு நாளா நீ ஒரு தினுசா நடக்குற.

பூமாரி: …வேன் சத்தம் கேக்குது.

தவசி: கேக்குது. கையக் குடு. கொஞ்சம் குனிஞ்சு இழு… ஏன் புள்ள மரம் மாதிரி நிக்கிற?

பூமாரி: ஒம் பெட்டியில பாதிய அள்ளி எம் பெட்டியில போட்டு, ஒரு மாசமா நாந்தான மாமா தூக்குனேன். என்னால குனிய முடியல.